அழுகுணியும் அப்பாவும்

மார்ச் 3, செவ்வாய்

ஒரு பூனைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது கல்லூரிக் குழுவில் செய்தி வந்தது. இந்தச் சனி, ஞாயிறு பழைய மாணவர் சந்திப்பு. எங்கள் வகுப்பு கால்நடை மருத்துவம் படித்து முடித்து இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டதாம். சிறப்பு விருந்தினர் யார்? என்னோடு படித்த அந்த அழுகுணி! பெரிய பெரிய குதிரைப் பண்ணைகளுக்கெல்லாம் இப்போது அவன்தான் ஆலோசகராம். வயிறு எரிகிறது.

போகிறேன். இந்த முறை விடுவதாக இல்லை.

மார்ச் 5, வியாழன்

மேடையில் சொல்ல வேண்டியதை வண்டி ஓட்டும்போதெல்லாம் சொல்லிப் பார்க்கிறேன். மூன்றாம் வருடம், குதிரை லாயம். நான் கயிற்றைப் பிடித்திருந்தேன், ஊசி அழுகுணி கையில். கழுத்தில் சிரையில் போகவேண்டிய மருந்தைத் தமனியில் ஏற்றினான். குதிரை அங்கேயே விழுந்து செத்தது. பேராசிரியர் ஓடி வருவதற்குள் ஊசியை என் கையில் திணித்துவிட்டான்.

பிறகு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. அழுதவனை நம்பினார்கள். எனக்கு ஒரு வருடப் படிப்பு போனது, 'குதிரைக்கொல்லி' என்ற பட்டம் வந்தது. அதையெல்லாம்கூட விழுங்கிவிடலாம். ஆனால் அப்பா? கல்லூரிக்கு வந்தவர் அவன் அழுவதைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து தன் பண்ணையில் ஒரு பசுவைக்கூட என்னைத் தொடவிட்டதில்லை. பெற்ற பெண் மாட்டு டாக்டர். அவர் மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் வேறு டாக்டர் வருவார்.

"சாப்பிடப் போறியா, சண்டை போடப் போறியா?" என்று கேட்டார் கணவர்.

"ரெண்டுக்கும்தான்."

மார்ச் 7, சனி

லாயத்தை இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். என் வண்டியை அங்கேதான் நிறுத்தினேன். விடுதியில் அதே ஆடும் கட்டில், அதே கொசு. அழுகுணிக்கு முடி போய்த் தொப்பை வந்திருக்கிறது. "எப்படி இருக்கே?" என்று பல்லைக் காட்டினான். இரு மகனே, நாளைக்கு இருக்கிறது உனக்கு.

மார்ச் 8, ஞாயிறு

பாவி. படுபாவி. பழிவாங்குவதைக்கூட எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

எனக்கு முன்னால் அவனைப் பேசக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தான், தொண்டையைச் செருமினான். "அந்தக் குதிரையைக் கொன்னது நான்தான். பழியைச் சுமந்தது இவ" என்று என்னைக் காட்டினான். காட்டிவிட்டு — அழுதான்! நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த அத்தனையும் அவனே சொல்லிவிட்டான், என்னைவிட நன்றாக. மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. யாருக்கு? அவனுக்கு! என்னை மேடைக்கு இழுத்து, "மன்னிச்சிட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு" என்று மைக்கை நீட்டினான்.

"மன்னிக்கல" என்றேன்.

கைதட்டல் அப்படியே நின்றுபோனது. அடடா, என்ன சுகம்! சாப்பாட்டு வரிசையில் என் பழைய அறைத்தோழி பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு பெரிய மனுஷன், எல்லார் முன்னாடியும் அழறான். உனக்கென்ன கல்நெஞ்சா?"

கல்தான். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

அழுகுணியிடமிருந்து போன் மேல் போன். கடைசியில் எடுத்தேன். "நான் என்ன செஞ்சா உன் மனசு ஆறும்?" என்றான்.

"எங்கப்பாகிட்ட போய்ச் சொல்லு. அழாம சொல்லணும்."

மார்ச் 12, வியாழன்

அம்மா போனில் சொன்னாள். போனானாம். வாசலிலேயே அழுதுவிட்டானாம். அப்பா அவன் முதுகைத் தடவி, "விடுங்க தம்பி, சின்ன வயசு" என்று காபி கொடுத்து அனுப்பினாராம்.

தம்பியாம். சின்ன வயசாம். எனக்கும் அதே வயசுதானே அப்ப?

இத்தனை வருடமும் தப்பான ஆள்மேல் கறுவிக்கொண்டிருந்தேனா? பொய் சொன்னவன் ஊரான். அதை நம்பினது யாரு? ஏம்ப்பா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல? நான் உங்க பொண்ணுதானே?

மார்ச் 13, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

காலையில் அப்பாவே போன் செய்தார். "செவலைப் பசு நேத்து கன்னு போட்டுச்சு. இன்னைக்கு எழுந்திரிக்கல. வந்து பாக்குறியா?"

"உங்க டாக்டர் ஊர்ல இல்லையா?"

"இருக்கார்." அதோடு நிறுத்தவில்லை. "நீ வா."

போனேன். கன்று போட்டதும் கால்சியம் குறைந்து வரும் பால் காய்ச்சல்தான், சந்தேகமே இல்லை. கால்சியம் ஏற்றி முடித்த சற்று நேரத்தில் பசு தள்ளாடி எழுந்து நின்று கன்றை நக்கத் தொடங்கியது. அப்பா தள்ளி நின்றிருந்தார். "அன்னைக்கு உன்னைக் கேட்டிருக்கணும்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பசுவைப் பார்த்துச் சொன்னார்.

"ஆமா. கேட்டிருக்கணும்" என்றேன். போகட்டும்ப்பா என்பேன் என்று காத்திருந்தார் போல. நான் சொல்லவில்லை. பாத்திரத்தில் தண்ணீர் வாங்கிக் கையைக் கழுவினேன். அம்மா உள்ளே கூப்பிட்டாள். நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். நேரம் இருந்தது.

வண்டியைக் கிளப்பும்போது அப்பா ஜன்னலருகே வந்து நின்றார். "நாளைக்கு வருவியா?"

"பசுவைப் பாக்கணுமில்ல? வருவேன்."