கோலே என்றால் பித்தம்

பங்குனி 9, திங்கள்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. ஆறாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகள் திருத்தவில்லை. கீழத்தெருவில் இரண்டு பேருக்கு வாந்திபேதி. காலராதான் என்கிறார்கள். சின்னமனூர் முழுக்க இதே பேச்சு.

பள்ளிக்கூடத்துப் பெரிய அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். கிரேக்கத்தில் 'கோலே' என்றால் பித்தம்! லத்தீன் வழியாக இங்கிலீஷுக்கு வந்திருக்கிறது. மெலங்கலியும் அதே வேர். கறுப்புப் பித்தம், அதாவது மனச்சோர்வு. அந்தக் காலத்துக் கிரேக்கர்களும், எல்லா நோயையும் பித்தம் என்கிற நம் வைத்தியரும் ஒரே கட்சி. மனசு துள்ளியது. அகராதியை வீட்டுக்கே தூக்கி வந்து மனைவி தங்கத்திடம் படித்துக் காட்டினேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். அடுத்த வீட்டு வைத்தியரிடமும் சொன்னேன். வாய் சும்மா இருக்காதே.

பங்குனி 10, செவ்வாய்

சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து கிணற்றில் மருந்து போட்டார். தண்ணீர் ரோஜா நிறம். பெண்கள் குடத்தைக் கவிழ்த்துவிட்டு வாய்க்காலுக்குப் போனார்கள். சாவடியில் காலரா ஊசி. எங்கள் தெருவில் ஒருவர்கூடக் கை நீட்டவில்லை. பித்தத்துக்கு எதற்கு ஊசி, இங்கிலீஷ் புத்தகத்திலேயே பித்தம் என்றுதான் இருக்கிறது, வாத்தியாரே படித்துச் சொன்னார் என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். எரிச்சல். இங்கிலீஷில் கோபத்துக்கும் அதே வேரில் ஒரு சொல் உண்டு.

நான் போட்டுக்கொண்டேன். கை கனக்கிறது. தங்கம் மாட்டேன் என்கிறாள். காய்ச்சல் வந்து பால் வற்றிவிடுமாம். பெயர் எங்கிருந்து வந்தது என்பது வேறு, நோய் எதனால் வருகிறது என்பது வேறு என்று தொண்டை வறளச் சொன்னேன்.

"நேத்துப் பித்தம்னு நீங்கதான சொன்னீக? இன்னைக்கு மாத்திப் பேசுறீக."

பங்குனி 11, புதன்

நோட்டு: திருத்தவில்லை. மண்ணெண்ணெய்: வாங்கவில்லை. வகுப்பில் நின்றால் வீட்டு ஞாபகம், வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கெஞ்சியதில் வெள்ளிக்கிழமை ஊசி போட்டுக்கொள்கிறேன் என்றாள். நாளைக்கு அமாவாசையாம், கூடாதாம். தண்ணீரைக் காய்ச்சு என்றேன், தலையாட்டினாள். குடத்தில் வாய்க்கால் தண்ணீர்தான். பயமாக இருக்கிறது.

பங்குனி 13, வெள்ளி

விடியலில் தங்கத்துக்கு வாந்தி. பிறகு பேதி. கண் குழிந்துவிட்டது. பிள்ளை வைத்தியர் வீட்டில். இன்ஸ்பெக்டர் உத்தமபாளையத்தில் இருக்கிறார், ஆள் போயிருக்கிறது. வரும்வரை இதை எழுதுகிறேன்.

வைத்தியர் நாடி பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்தார். பித்தம் என்று சொல்லவில்லை. அலமாரி மேலிருந்த அகராதியைப் பார்த்தார்.

"வாத்தியாரய்யா, இதுக்கு என்ன மருந்துன்னு அதுல போட்டிருக்கா?"