கீழ்க்கடைக்குக் கிடைத்த உரிமம்

அன்பு மகள் ஹேசலுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா, நான், உன் தம்பி கிரெய்க் மூவரும் உடம்பளவில் சுகம். இங்கே கோடை தொடங்கும்போது உங்கள் பக்கம் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் பேரப்பிள்ளையும் நலமாக இருக்கவேண்டும் என்பதே எப்போதும் நினைப்பு. மனசளவில் நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம், ஆனால் இந்த வீட்டில் ஒருவர் பேசுவது மற்ற இருவர் காதிலும் விழுகிறது.

நம் வீட்டுக்குக் கீழே இருந்த செருப்புக்கடை மூடிக் கிடந்தது உனக்குத் தெரியும். ஈஸ்டர் கழிந்ததும் அதன் கண்ணாடியில் நீலத் தாளில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. யாகூப் என்கிற துருக்கிக்காரர் கபாப் கடை போடுகிறாராம், இரவு இரண்டு மணிவரை சூடான சாப்பாடும் மதுவும் விற்க நகராட்சியிடம் உரிமம் கேட்டிருக்கிறாராம், ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதலாமாம். கிரெய்க் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நம்மிடம் வந்தவன், கிறிஸ்துமஸுக்கு முன்னாலிருந்து ஒரு சொட்டுகூடத் தொடவில்லை, இந்தத் தெருவில் பாட்டில் விற்கும் கடை இல்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. இனி அவன் மாடிப்படி இறங்கினால் முதலில் கண்ணில் படப்போவது அதுதான். கிரெய்க்கும் அந்தத் தாளைப் படித்திருப்பான், ஆனால் மூன்று பேரும் வானிலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

நான் ஆட்சேபம் எழுதினேன். எழுதும்போதுதான் சிக்கல் புரிந்தது. சண்டை சச்சரவு, ஆபத்து, தொந்தரவு, சிறுவர்களுக்குக் கெடுதல், இந்த நான்கில் ஒன்றைத்தான் காரணமாகக் காட்டலாமாம். என் மகன் குடியை விட்டவன் என்பது அதில் எதிலும் வராது. வந்தாலும் எழுதியிருக்க மாட்டேன், அவன் பேரைச் சபையில் இழுத்தால் ஊர் வாயில் அரைபடுவான் என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அதனால் சத்தம், தூக்கம் கெடும் என்று எழுதிக் கொடுத்தேன்.

விசாரணைக்கு நகர மன்றத்தில் காலையிலேயே போய் உட்கார்ந்தேன். கவுன்சிலர்கள் மூன்று பேர், தலைமை திருமதி ஓல்டிராய்ட், உனக்குப் பள்ளியில் ஜெர்மன் சொல்லிக்கொடுத்தாரே, அவர்தான். யாகூப்புக்காக ஹல் நகரத்திலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். நான் எதைச் சொன்னாலும் அவரிடம் பதில் இருந்தது. குடித்தவர்கள் கத்துவார்கள் என்றேன், வாசலில் காவலுக்கு ஆள் போடுவோம் என்றார். குப்பை என்றேன், நாங்களே பெருக்குவோம் என்றார். யாகூப் தலை குனிந்தே இருந்தார், பார்க்க நல்ல மனிதராகத்தான் இருந்தார், அதுவே எனக்கு ஆத்திரமாக வந்தது. கடைசியில் திருமதி ஓல்டிராய்ட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வேறு ஏதாவது காரணம் உண்டா என்று மெதுவாகக் கேட்டார். அந்த அம்மாளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. நான் இல்லை என்றேன்.

பின்னாலிருந்து ஒரு குரல். "இருக்கு. அந்தக் காரணம் நான்தான்."

கிரெய்க் எப்போது வந்து உட்கார்ந்தான் என்று எனக்குத் தெரியாது. வேலைக்குப் போட்டுப்போகும் அதே கோட்டு. மனுக் கொடுக்காதவர் பேசக்கூடாது என்று வக்கீல் எழுந்தார், யாகூப் அவர் கையைத் தொட்டு உட்கார வைத்துவிட்டு, அந்தத் தம்பி பேசட்டும் என்றார். "எங்கப்பாவுக்கு இடது காது கேக்காதுங்க. வலது காத தலகாணியில வச்சுப் படுத்தார்னா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டார். சத்தம்னு சொல்றதெல்லாம் எனக்காகத்தான். நான் குடிகாரன். இப்ப விட்டிருக்கேன். கடைக்கு உரிமம் குடுக்காதீங்கன்னு நான் கேக்கல, இன்னொருத்தர் பொழப்பு அது. எங்கப்பாவ எனக்காகப் பொய் சொல்ல வைக்காதீங்க, அவ்ளோதான்." காது என்றதும் சிரித்தவர்கள் முடிக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி அவன் முகத்தைப் பார்க்கவில்லை ஹேசல், முடியவில்லை.

உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து முடிவைச் சொன்னார்கள். ஒருவருடைய நோயைச் சட்டம் காரணமாக ஏற்காது என்று சொல்லும்போது திருமதி ஓல்டிராய்ட் காகிதத்தைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. சாப்பாடு ஒரு மணிவரை, மது பத்து மணிவரை, காவல் ஆள் கட்டாயம். ஆக, கிடைத்துவிட்டது. துறைமுகம் வழியாக மழையில் நானும் அவனும் நடந்து வந்தோம். எங்கள் முகத்தைப் பார்த்த அம்மா தேநீர் வைத்தாள். அதன்பிறகு கடைக்கு அலமாரிகள் வந்து இறங்குவதை ஜன்னலில் நின்று பார்ப்பதே என் வேலையாகிவிட்டது.

போன சனிக்கிழமை மத்தியானம் கடை திறந்தார்கள். கிரெய்க் கோட்டை மாட்டிக்கொண்டு, கீழே போய்ட்டு வரேன் என்றான். படியில் அவன் காலடி ஓசை இறங்கியது, கடைக் கதவின் மணி அடித்தது, அதன்பிறகு ஒன்றுமில்லை. அம்மா திரைச்சீலையைப் பிடித்தபடியே நின்றாள். பொறுக்க முடியாமல் வீட்டுச் செருப்போடே இறங்கி ஓடினேன்.

கல்லா முன்னால் நின்றிருந்தான். யாகூப்பின் முதுகுக்குப் பின்னால் வரிசையாகப் பாட்டில்கள். அவன் சொல்லிக்கொண்டிருந்தான்: "இந்த மூஞ்சிய நல்லாப் பாத்துக்கோங்க. நான் கெஞ்சினாலும், யாருக்கோ வாங்குறேன்னு சொன்னாலும், சண்ட போட்டாலும் எனக்குக் குடுக்கக் கூடாது." யாகூப் அடுப்படியிலிருந்து தன் மனைவி நுர்ஜானைக் கூப்பிட்டு, இவர் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள் என்றார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தயங்காமல் அவனை நேராகப் பார்த்தாள். அப்போதுதான் கிரெய்க் வாசலில் நின்ற என்னைக் கவனித்தான். "அதோ நிக்கிறாரே, எங்கப்பா. அவரையும் பாத்து வச்சுக்கோங்க. நான் அழுதேன்னா தாங்க மாட்டார், அவரே வந்து வாங்கிருவார்."

நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். நுர்ஜான் என் முகத்தையும் அதே மாதிரி நிதானமாகப் பார்த்துவிட்டு, சரி, ரெண்டு பேருக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். ஞாயிற்றுக்கிழமை அவனோடு பேசு, குடியைப் பற்றிக் கேட்காதே, படகுப் பட்டறை வேலையைப் பற்றிக் கேள், சந்தோஷமாகச் சொல்வான். பேரப்பிள்ளைக்கு என் முத்தம். நீங்கள் எல்லோரும் குறைவில்லாமல் இருக்க எங்கள் ஆசீர்வாதம் என்றும் உண்டு.

உன் அப்பா,
டெஸ்மண்ட்