முள்ளுருள் தந்த நாட்டுக்கு உப்பு நாட்டின் மறுமொழி

நலம் பெருகுக. மேகம் இறங்கி இளைப்பாறும் மஞ்சுவரை நாட்டின் கோமான், ஏலக்காடுகளின் காவலர் கடுவரைவேள் அவர்களின் திருமுன்னர், வெள்ளலை நாடாளும் அலைவாய் வேந்தர் கட்டளையிட்டருள, ஓலைநாயகம் இளந்தத்தன் கீறி விடுத்தது. இங்கே உப்பு நன்றாக விளைந்தது. அங்கே ஏலம் நிறையக் காய்க்கட்டும்.

தங்கள் திருமகனுக்கு மணம் பேசிய எங்கள் இளவரசி உவரிநங்கைக்குத் தாங்கள் சீராக அனுப்பிய முள்ளுருளும் குங்குமப்பூத் தைலமும் வந்து சேர்ந்தன. தந்தக் கைப்பிடியில் சுழலும் சிற்றுருளை. அதன்மேல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பொன்முட்கள். அதை முகத்தில் மெல்ல உருட்டியபின் தடவினால் தைலம் தோலின் மேலே நின்றுவிடாமல் உள்ளே இறங்கும் என்றும், அன்று முழுதும் வேறெதுவும் முகத்தில் படலாகாது என்றும், சீர் கொணர்ந்த தங்கள் அரண்மனைப் பெண் ஏலவல்லி பணிவோடு விண்ணப்பித்தாள்.

இளவரசியார் தம் அறையில் தாமே உருட்டினார். முதலில் சிறு கூச்சம், பிறகு தைலத்தின் குளிர்ச்சி. காணாத மலையின் மூடுபனி கன்னத்துக்குள் நுழைவதாக உணர்ந்து கண்மூடியவர், அந்தப் பனிக்குள்ளேயே நெடுநேரம் நடந்து திரிந்தார். அங்கே யாரோ தம்மைப் பேர் சொல்லி அழைத்ததாகவும், அது தங்கள் திருமகனின் குரலே என்றும் தோழியரிடம் சொல்லி நாணினார். அவர் குரலை இவர் இன்னும் கேட்டதே இல்லை!

அந்த மயக்கம் தெளியாமலே மாலையில் உப்பளத்துக்குப் போனார். மணப்பெண் பாத்தி நீரில் முகம் நனைப்பது எங்கள் வழக்கம். வேறெதுவும் படலாகாது என்ற சொல் நினைவில் இருந்தது. ஆனால் காற்றிலும் கஞ்சியிலும் உப்போடே வளர்ந்த எங்களுக்கு உப்பு ஒரு தனிப்பொருளாகத் தோன்றுவதில்லை. குனிந்தார், முகம் பற்றி எரிந்தது.

வேந்தர் கண்மண் தெரியாத கோபத்தில் தைலத்தை நஞ்சென்றார். ஏலவல்லியை விரல்நீட்டிச் சிறைக்குக் காட்டி, விடிந்ததும் அவள் உயிர் போகும், மணமும் முறியும் என்று ஆணையிட்டார். அமைச்சரெல்லாம் ஆமாம் சாமி போட, படைத்தலைவரோ வாளைத் துடைக்கவே தொடங்கிவிட்டார்.

வீங்கிய முகத்தோடு அவைக்கு வந்த இளவரசியார், பாதி மட்டும் எழுதிய ஓலையொன்றை வாங்கி, முழுதும் மை தடவித் துடைத்தார். எழுத்தாணி கீறிய இடத்தில் மட்டும் மை ஏறி நின்றது. முள் வழிதிறந்தது, வந்தது எதுவோ அது உள்ளே போயிற்று என்றார். தைலம் போகையில் குளிர்ந்ததாகவும் எங்கள் உப்பு போகையில் எரிந்ததாகவும் சொல்லி, ஏலவல்லியைக் கொல்வதானால் முதலில் அந்தப் பாத்தியைச் சிறையிடுமாறு வேண்டினார். வேந்தர் தாமே நடந்து சென்று சிறைக்கதவைத் திறந்தார்.

ஆகையால் அரசாணை இது: முகம் ஆறியதும் மணமகள் புறப்படுவார். அவர் பல்லக்குக்கு முன்னே ஏலவல்லியின் பல்லக்கு செல்லும். வழியெங்கும் வெள்ளலை நாட்டார் அவளையே முதலில் வணங்குக.

கடலும் கரையும் உள்ளவரை நம் உறவு நிலைக்க. இவ்வோலையின் மை, நஞ்சென்று பழித்த அதே தைலத்தில் குழைத்தது, பூசியவர் வேந்தர். சங்கு முத்திரையின் அருகே காணும் கரிய சுவடு, ஏலவல்லியைச் சிறைக்குக் காட்டிய அந்த விரலினது.