உங்கம்மா சொன்ன கட்டி

அன்புள்ள வாயாடிக்கு, அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொள்ளும் அளவுக்குச் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அதே அளவுக்குச் சுகமாக இருக்க வேண்டும். முதல் விஷயம், எனக்கு மூளையில் கட்டி கிட்டி எதுவும் இல்லை. உங்கம்மா போனில் அழுதுகொண்டே தலைக்குள்ள கட்டியாம் என்று பாதியைச் சொன்னாளாம், மீதியை நீயாகச் சேர்த்துக்கொண்டு ஆபரேஷனுக்குப் பெரிய டாக்டர் தேடக் கிளம்பிவிட்டாயாம். அது ரத்தக்கட்டி அம்மாடி. எங்கிருந்தோ மிதந்து வந்து மூளைக்குப் போகிற குழாயை அடைத்துவிட்டது. வாய் கோணி வலது கை துவண்டுபோச்சு, பக்கத்து வீட்டு டிரைவர் அப்படியே அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடியதால் மருந்தேற்றிக் கரைத்துவிட்டார்கள். வாய் நேராகிவிட்டது, நஷ்டம் தனக்குத்தான் என்கிறாள் எழுதுகிறவள்.

கரைத்தால் மட்டும் போதாது, வந்த இடம் தெரியாவிட்டால் இன்னொன்று வரும், அது இவ்வளவு மரியாதையாக வராது என்றார் டாக்டரம்மா. கழுத்துக் குழாயில் படிந்தது பெயர்ந்து வந்ததா, இதயத்திலேயே ரத்தம் தேங்கி உறைந்து வந்ததா, ரெண்டுக்கும் மாத்திரை வேறாம். நான் குழாய் வேலை பார்த்தவன் ஆச்சே, சும்மா இருப்பேனா? உனக்குப் பல் முளைத்த வருஷம் பெண்கள் விடுதியில் தண்ணீர் நின்றுபோய் எல்லாரும் மேல்தொட்டி மேல் பழி போட, மூன்றாம் மாடி வளைவில் துருவைத் தோண்டி எடுத்துக் காட்டினவன், அந்தத் துருவின் நிறம்கூட இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தத் தைரியத்தில் கழுத்துக் குழாய்தான் என்று அடித்துச் சொன்னேன். ஸ்கேன் பண்ணினால் கழுத்து சுத்தம். அப்புறம் ரத்தத்தைச் சோதித்தார்கள். இதயம் சிரமப்பட்டால் ஏதோ ஒரு சரக்கை ரத்தத்தில் விடுமாம், எனக்கு அது எகிறிக் கிடந்தது. இவருக்கும் இதயம் இருக்குன்னு ரத்தம் எடுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு என்று உங்கம்மா நர்சுகள் முன்னாலேயே சொல்லிவிட்டாள். ரத்தம் கைதான் காட்டும், தீர்ப்பு சொல்லாது என்று டாக்டரம்மா என் நெஞ்சில் ராப்பகலாகத் துடிப்பைப் பதிகிற ஒரு சின்ன மெஷினை ஒட்டி அனுப்பினார். படபடப்பு ஒன்றுமில்லை, வெட்டி வேலை, பிய்த்துப் போடுகிறேன் என்றேன். பிய்த்தால் அதே பசையால் உங்க வாயை ஒட்டிவிடுவேன் என்றாள் இவள். நேற்று கழற்றிப் பார்த்தால், நான் குறட்டை விட்டுத் தூங்கும்போதெல்லாம் இதயம் தாளம் தப்பி ஓடியிருக்கிறது, எனக்கே தெரியாமல்! அப்படி ஓடும்போதுதான் ரத்தம் தேங்குமாம். ஆஸ்பத்திரியில் முதலில் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு உறைய விடாத மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. குழாய்க்காரன் தோற்றான், போகட்டும், வந்த வழி தெரிந்ததே பெரிசு.

டிக்கெட் எடுத்தாச்சென்றால் வா, ஆனால் அழுது வடிந்த மூஞ்சியோடு வராதே. மாப்பிள்ளையைப் பிரஷர் பார்க்கச் சொல், மறக்காதே. நோய் நொடி அண்டாமல் ரெண்டு பேரும் தலை நரைக்க நரைக்க வாழுங்கள்.

இப்படிக்கு,
அப்பா

கீழே இருப்பது என் வலது கட்டைவிரல். மை கொஞ்சம் இழுபட்டிருக்கும். உங்கம்மா கையைப் பிடித்து அமுக்க வந்தாள், வேண்டாமென்று நானே வைத்தேன்.