ஏசா தாத்தாவின் இடது காது

ப்ராத்தர் மேடு, கென்டக்கி
ஆகஸ்ட் 15, 1991

அன்பு மகள் டெஸ்ஸாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் வலது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. அலாஸ்காவில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஜூனியும் அதேபோல் இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் அம்மா நம்புவாள், போனில் நீ சொல்வது பாதி காற்றோடு போய்விடுகிறது. இந்த வருஷம் பீன்ஸ் கொட்டுகிறது. நாற்பத்தொரு பாட்டில் அடைத்தாகிவிட்டது, அவை இப்போது உன் பழைய அறையில், உன் கட்டிலுக்கு அடியிலும் ஜன்னல் மேடையிலும் குடியிருக்கின்றன. நீ வருவதானால் முன்கூட்டியே சொல்லிவிடு, அவற்றுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். நாய்க்கு வயதாகிவிட்டது, தபால்காரரைப் பார்த்தால் இப்போது படுத்தபடியே குரைக்கிறது.

குடும்ப விருந்து எப்படி நடந்தது, இந்த வருஷமும் இரண்டு மேஜைதானா என்று கேட்டிருந்தாய். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. பாதி உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் ஒரு நாள் ஜூனிக்கு வாசித்துக் காட்டுவாய் என்பதால் முதலிலிருந்தே எழுதுகிறேன். என் தாத்தாவின் தாத்தா ஏசா ப்ராத்தர் இந்த மேட்டில் முதல் குடிசை போட்டவர். அவர் தம்பி ஏனாக் கீழே ஓடைக்கரையில் போட்டார். மேட்டு வீட்டார் நாம், ஓடைக்கரையார் அவர்கள். நம் குடும்ப வேதாகமத்தில், என் பெரியப்பா ஹோபர்ட் 1923-இல் கோர்ட்டுப் புத்தகம் ஒன்றிலிருந்து எழுதிவந்த ஒரு துண்டுச் சீட்டு உண்டு. அதில் இருப்பது இவ்வளவுதான்: ஏசா ப்ராத்தர், அடையாளம், இடது காது நுனி வெட்டு, வலது காதின் அடியில் ஒரு கொத்து. கொத்து என்றால் சின்னதாகக் கொத்தியெடுத்த வெட்டு. பட்டாளத்தில் சேர்க்கும்போது தழும்பையும் மச்சத்தையும் அடையாளம் என்று எழுதுவார்கள் அல்லவா, எனக்கும் முழங்கைத் தழும்பை எழுதினார்கள். அப்படித்தான் இதையும் ஹோபர்ட் பெரியப்பா எடுத்துக்கொண்டார். இங்கிலீஷ்காரனோடு 1812-இல் நடந்த இரண்டாம் யுத்தத்தில் ஒரு காதைத் துப்பாக்கியும் மறு காதைக் கத்தியும் பதம்பார்த்தன என்று வீட்டில் சொல்லி வைத்தார். நீ ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்தபோது இதை வைத்து ஒரு கட்டுரை எழுதினாய், நான் பத்துக்கு ஒன்பது போட்டேன். ஒரு மதிப்பெண்ணை எழுத்துப் பிழைக்காகக் குறைத்தேன். கட்டுரை முழுவதுமே பிழை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

ஓடைக்கரையாருக்கு அதே சீட்டுக்கு வேறு பொருள். 1960 விருந்தில் அந்த வீட்டு உன் பர்ல் பெரியப்பா ஆப்பிள் அடுக்குக் கேக்கின் மூன்றாம் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, பன்றி திருடினவன் காதை அறுப்பதுதான் அந்தக் காலத்துச் சட்டம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். உன் ஆர்டெல் அத்தை எழுந்து போய் அந்தத் துண்டை அவர் கையிலிருந்து பிடுங்கி ஓடையில் எறிந்தாள். அன்றிலிருந்து இரண்டு மேஜை. இத்தனைக்கும் இரண்டு பேரும் பள்ளியில் ஒரே பெஞ்சுக்காரர்கள். என் அக்கா தபால் ஆபீசில் வேலை பார்த்த காலம் முழுவதும் பர்ல் ஒரு சீட்டில் ஆறு தபால்தலை என்று எழுதி நீட்டுவார், அவள் ஆறு தபால்தலையை எடுத்துத் தள்ளுவாள், வாய் திறக்கமாட்டாள். அவர் அந்தச் சீட்டில் ஸ்பெல்லிங் தப்பாக எழுதினால் மட்டும் சிவப்பு மையால் திருத்தித் திருப்பிக் கொடுப்பாள்.

இந்த வருஷம் விஷயம் முற்றிவிட்டது. அக்காவுக்கு எண்பது ஆகிவிட்டது, நான் போறதுக்குள்ள ஏசா தாத்தாவுக்கு ஒரு கல்லு நிக்கணும் என்று பிடிவாதம் பிடித்து, சபை மயானத்தில் வைக்க ஒரு கல்லுக்குச் சொல்லிவிட்டாள். இடது காதை இன்ன போர்க்களத்தில் இழந்தார் என்று அதில் வெட்ட வேண்டுமாம். செய்தி ஓடைக்கரைக்குப் போனது. அந்தப் பொய் கல்லில் ஏறினால் இனி நம் விருந்துக்கு ஓடைக்கரையார் யாரும் வரமாட்டோம், நாங்கள் தனியாக நடத்திக்கொள்கிறோம் என்று பர்ல் சொல்லியனுப்பினார். நூற்றெழுபது வருஷமாக ஒரே சபை, ஒரே மயானம், ஒரே விருந்து. இரண்டு மேஜையாக இருந்தாலும் ஒரே நிழலில் அல்லவா போட்டோம். எனக்குத் தூக்கம் போயிற்று. அக்காவுக்கோ கவலையே இல்லை, நீதான் வாத்தியாராச்சே, கோர்ட்டுக்குப் போயி அந்தப் போர்க்களத்தோட பேரப் பாத்துட்டு வா என்று என்னை விரட்டினாள்.

கோர்ட்டுப் பதிவறை இப்போது நிலவறையில், கொதிகலனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் பொறுப்பில் இருப்பவள் என் பழைய மாணவி நோரீன், பெருக்கல் வாய்ப்பாட்டில் ஏழாம் வாய்ப்பாட்டை மட்டும் தாண்டிக் குதிப்பாளே, அவள்தான். நில ஆவணம், கல்யாணப் பதிவு, உயில் எல்லாவற்றையும் புரட்டியாயிற்று. கடைசியில் அவள் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்து, "சார், இதுக்கு அட்டையும் இல்ல, முதல் நாலு பக்கமும் இல்ல. எந்த அலமாரியில சேக்கறதுன்னு தெரியாம எனக்கு முன்னால இருந்தவங்க எல்லாருமே கீழதான் போட்டு வெச்சிருக்காங்க" என்றாள். ஹோபர்ட் பெரியப்பா பார்த்த புத்தகம் அதுதான். 1819-ஆம் வருஷப் பக்கத்தில் அதே வரி இருந்தது. அவர் அந்த ஒரு வரியை மட்டும் எழுதிக்கொண்டு ஊருக்கு வண்டி ஏறிவிட்டார். நான் வாத்தியார், ஒரு விடையைத் திருத்த வேண்டுமானால் மேலே கீழே உள்ள விடைகளையும் பார்த்துத்தான் பழக்கம். மேல் வரியில் ஒருவர், வலது காதில் குருவிவால் வெட்டு. சரி, அவரும் யுத்தத்துக்குப் போயிருப்பார். கீழ் வரியில் சபைப் போதகர், இரண்டு காதிலும் கீறல். போதகருக்கு ஏன் என்று யோசித்தேன். அதற்கும் கீழே விதவை டெம்பரன்ஸ், இடது காதில் ஒரு துளை. அது கம்மல் துளையாக இருக்கலாம் என்று விட்டுவிட்டேன். நீதிபதிக்கு இரண்டு காதும் நுனி வெட்டு என்று வந்தபோதுதான் பேனாவைக் கீழே வைத்தேன். நாற்பத்து மூன்று பேரை எண்ணினேன், டெஸ்ஸா. அந்தப் புத்தகத்தை நம்பினால் அன்றைக்கு இந்த வட்டாரத்தில் முழுக் காதோடு ஒரு மனிதர்கூடக் கிடையாது.

பக்கத்தைத் திருப்பினால் விடை இருந்தது. டெம்பரன்ஸ் அம்மாளின் அடையாளமுள்ள புள்ளிப் பன்றி ஒன்று நீதிபதியின் சோளக்காட்டில் பிடிபட்டது என்று எழுதியிருந்தது. அப்போதெல்லாம் பன்றிகளைக் காட்டில் அவிழ்த்து விட்டுவிடுவார்கள், ஓக் கொட்டை தின்று தானே கொழுக்கும். யாருடைய பன்றி எது என்று தெரிய, குட்டியாக இருக்கும்போதே காதில் வீட்டுக்கு வீடு ஒரு வெட்டு. சட்டைக் கழுத்தில் வண்ணான் குறி போடுவது போல வைத்துக்கொள். அந்த வெட்டைக் கோர்ட்டில் வந்து பதிந்துகொள்ள வேண்டும். ஏசா தாத்தா காதுகள் இரண்டும் முழுசாக இருக்கத்தான் செத்துப்போனார். நான் நிலவறையில் தனியாக உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் நோரீன் ஓடிவந்து, சாருக்குத் தண்ணி வேணுமா என்று கேட்டாள்.

சிரித்து முடித்த பிறகுதான், இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்ற கேள்வி வந்தது. பர்ல் சொன்னதும் பொய்தான், ஆனால் நாம் சொன்னதும் பொய். கல் வெட்டுகிறவர் வேறு, போர்க்களத்தின் பெயர் வரும்வரை பொறுக்காமல், இடது காது என்பது வரை வெட்டி முடித்துவிட்டார், சுரண்டி எடுக்கவும் முடியாது. இன்னொரு பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன், அங்கே இரண்டு வருஷம் கழித்து ஒரு வரி இருந்தது. அதைப் படித்த பிறகுதான் அக்காவை அழைத்துவர எனக்குத் தைரியம் வந்தது.

மறுநாள் அவளைக் காரில் கூட்டிப்போனேன். நாற்பது வருஷம் ஊரார் கிறுக்கலையெல்லாம் படித்தவள், கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு நான் காட்டிய எல்லாவற்றையும் மெதுவாகப் படித்தாள். இரண்டாவது வரியையும் படித்தாள், மறுபடி படித்தாள். திரும்பி வரும்போது பாலம் தாண்டியதும் வெளியே பார்த்தபடி, "ஒரு பன்னியோட காதுக்கா நான் முப்பத்தொரு வருஷம் அவன்கிட்டப் பேசாம இருந்தேன்?" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ரெண்டு காதுக்கா என்று திருத்தினேன். அதற்காக என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அந்த வாரம் கல் வெட்டுகிறவருக்கு இரண்டு முறை போன் செய்தாள் என்று மட்டும் தெரிந்தது, என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது.

விருந்து நாளான ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மயானத்துக்குப் போனோம். ஓடைக்கரையாரும் வந்திருந்தார்கள், ஆனால் கார்களை வாசலைப் பார்த்துத் திருப்பி நிறுத்திவிட்டுப் பாத்திரங்களை உள்ளேயே வைத்திருந்தார்கள். ஒரு காரின் இஞ்சின்கூட ஓடிக்கொண்டிருந்தது. கல்லின் மேல் அக்கா துண்டுத்துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை மூடியிருந்தது. அவள் யாரையும் பேசவிடாமல் தானே போய் அதை உருவினாள். கல்லில் இப்படி இருந்தது: ஏசா ப்ராத்தர். இடது காது நுனி வெட்டு, வலது காதின் அடியில் ஒரு கொத்து. தம்பி ஏனாக்குக்கும் அதுவே, இருவர் சம்மதம்.

புத்தகத்தின் அந்த இரண்டாவது வரி அதுதான், கண்ணு. வெட்டிய இரண்டு சொல்லை வீணாக்காமல் மிச்சத்தை அப்படியே அதன் பின்னால் சேர்த்துவிட்டாள். 1821-இல் அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்குப் போய், இனி எங்கள் இரண்டு வீட்டுப் பன்றிக்கும் ஒரே அடையாளம் என்று பதிந்திருக்கிறார்கள். எது யாருடையது என்று கேட்கவே வழியில்லை, திருடுவதற்கும் வழியில்லை. நான் மூன்றே வாக்கியத்தில் விளக்கினேன், அம்மா எண்ணிக்கொண்டிருந்தாள், ஐந்து என்கிறாள். பர்ல் பெரியப்பா கைத்தடியை ஊன்றிக் குனிந்து கல்லைப் படித்தார், வெட்டெழுத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். யாரைப் பார்த்தும் இல்லாமல், "அப்போ எங்க தாத்தனுக்கும் இதே காதா?" என்று கேட்டார். "அதே பன்னிதான்டா" என்றாள் அக்கா. முப்பத்தொரு வருஷத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு. அவர் கார்களின் பக்கம் திரும்பி, "என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கறீங்க, பாத்திரத்த எறக்குங்க" என்றார். அப்புறம் அக்காவிடம், "எனக்கு ஒரு துண்டு கேக்கு வரவேண்டியிருக்கு" என்றார். ஓடையில போயி எடுத்துக்கோ என்றாள் அவள், ஆனால் கேக்கை அறுத்து வைத்தவளும் அவள்தான்.

மேஜைகளைச் சேர்த்துப் போட்டோம். ஓடைக்கரை மேஜை நம்முடையதைவிட இரண்டு அங்குலம் தாழ்வு, இதுவரை ஒருவருக்கும் தெரியாது. நடுவில் வைத்த அம்மாவின் பீன்ஸ் பாத்திரம் நாள் முழுவதும் அவர்கள் பக்கமே சாய்ந்து நின்றது. சமாதானம் என்று முழுசாகச் சொல்லிவிட முடியாது. முதல் பன்றியை வாங்கியது அண்ணனா தம்பியா என்று அக்காவும் பர்லும் இப்போது தினமும் போனில் சண்டை போடுகிறார்கள். அதைத் தீர்த்துவைக்கச் சொல்லி என்னை மறுபடி நிலவறைக்கு அனுப்பப் பார்க்கிறார்கள், நான் பிடிகொடுக்கவில்லை.

கல்லின் படம் இரண்டு இதோடு வைத்திருக்கிறேன், ஒன்று ஜூனிக்கு. உன் கட்டுரைக்குப் போட்ட ஒன்பதைத் திரும்ப எடுக்கமாட்டேன், அன்றைக்கிருந்த ஆதாரத்துக்கு அது நல்ல விடைதான். அடுத்த வருஷம் ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு, இப்போதே லீவுக்கு எழுதிக்கொடுத்துவிடு, ஒரே மேஜையில் நீ உட்கார்ந்ததே இல்லை. மாப்பிள்ளையைக் கம்பளிக் குல்லாயை இழுத்து விட்டுக்கொள்ளச் சொல், அங்கே குளிரில் காது போனால் இந்தக் குடும்பத்தில் அதற்கு யாரும் உண்மைக் காரணம் சொல்லமாட்டார்கள். கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக. ஜூனியின் இரண்டு காதிலும் அம்மாச்சி, தாத்தா இருவரின் முத்தம்.

இப்படிக்கு உன் அப்பா,
வெண்டல் ப்ராத்தர்
(இடது காது நுனி வெட்டு, வலது காதின் அடியில் ஒரு கொத்து)