ஒன்பது விநாடி

ஆகஸ்ட் 20, புதன்
தீபாவளி சீசன் நேரம், பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் வேனில் நிற்க இடமில்லை. டிரைவர் ஜெய்லானி அண்ணனோடு இன்றும் சண்டை. "ஒரு நாளாவது நேரத்துக்கு வாங்கண்ணே!" என்றேன். "ஒன் வீட்டு வாசல்ல காத்து நின்னுதான தாயி லேட்டாகுது" என்றார். வேனே சிரித்தது. எனக்குக் கோபம்தான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி
மருந்து கலக்கும் அறை வெடித்துவிட்டது. மூன்று உயிர் போயிற்று. எங்கள் வேனில் வரும் சின்னத்தாய்க்கு உடம்பெல்லாம் தீக்காயம். நான் திரி வெட்டும் அறையில் இருந்தேன், பிழைத்தேன்.

ஆகஸ்ட் 23
நேற்று வேன் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரும் கேட்டார்கள் என்று பேசி அனுப்பினேன். "ஜெய்லானி அண்ணன் எப்பயும்போல ஜும்மா தொழுகைக்குக் கெளம்பிப் பத்து நிமிசம் ஆகல, வெடிச்சிருச்சு. சத்தங் கேட்டுத் திரும்பி ஓடியாந்து அவுகதான் சின்னத்தாயத் தூக்கி வேன்ல போட்டாக."

யாரோ முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்து, அவர் போட்டோவை ஒட்டி, 'முன்பே தெரிந்து தப்பியவன்' என்று பரப்பியிருக்கிறார்கள். 'எப்பயும்போல' என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள். ஒன்பது விநாடி. என் குரல்!

சின்னத்தாய் மகன் முனியராஜ் போன் செய்தான். "யக்கா, இது ஒங்க கொரல்தானே?" ஆமாம் என்றேன். மீதியைச் சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 25
ஜெய்லானி அண்ணன் வீட்டு ஜன்னலில் கல் எறிந்திருக்கிறார்கள். முழுப் பேச்சையும் என் பேரோடு போடட்டுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நீ எதுக்குத் தலையக் குடுக்க? நாளைக்கு ஒன் போட்டோவையும் சுத்த விடுவானுக" என்றார். பிள்ளைகளை நினைத்தேன்.

ஆகஸ்ட் 27
இன்னும் போடவில்லை. நானெல்லாம் ஒரு மனுசியா?

ஆகஸ்ட் 29, வெள்ளி
ஆஸ்பத்திரியில் சின்னத்தாய் கண் திறந்தாள். நானும் முனியராஜும் பக்கத்தில் இருந்தோம். அவள் முதலில் கேட்டது: "வேன் சீட்டெல்லாம் என் தோலு ஒட்டிக்கிருச்சே... பாவம், அண்ணன் கழுவிட்டாகளா?"

முனியராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நான் வெளியே வந்து, முகத்தைக் காட்டி, யோகேஸ்வரி என்று பேரைச் சொல்லி, முழுவதும் பேசிப் போட்டேன். ஒரு வாரம் கழித்து!

செப்டம்பர் 6
மருந்து உராய்ந்ததுதான் காரணம் என்று போலீசே சொல்லிவிட்டது. அதை யார் அனுப்புகிறார்கள்? ஒன்பது விநாடியை லட்சம் பேர் பார்த்துவிட்டார்களாம். என்னுடையதை நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

அக்டோபர் 10, வெள்ளி
வேறு கம்பெனி, அதே வேன். ஜெய்லானி அண்ணன் இப்போதெல்லாம் நேரத்துக்கு வந்துவிடுகிறார். கேலியும் இல்லை. பன்னிரண்டரைக்குக் கம்பெனி கேட்டுக்கு வெளியே, எல்லார் கண்ணிலும் படும்படி வேன் படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஜும்மாவுக்குப் போகலையாண்ணே?"

"நீங்கள்லாம் வேல முடிஞ்சு வெளிய வாங்க தாயி. அதுவரைக்கும் இங்கனயே இருக்கேன்."

பள்ளிவாசல் பாங்கு சத்தம் இங்கே வரை கேட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.