முப்பத்தொண்டாம் நாளும் ஒரு பிறந்தநாள் வாழ்த்தும்

ஜூன் 14, 2025 – சனி

பின்னேரம் 5.12. அந்த நேரத்திலதான் அவள்ட போன் சத்தம் போட்டது.

காலையில கோயில்ல என்ட மனுசி டினுஷாட முப்பத்தொண்டாம் நாள் பூசை. மறுகா வீட்ட சாப்பாடு. சனம் போய் முடிய நான் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நிண்டன். அலுமாரிக்கு மேல சார்ஜில கிடந்த போன். ஒரு மாசமா ஒருத்தரும் எடுக்காத போன்.

டினுஷாட தங்கச்சி ஜெனிற்றா விடிய பேஸ்புக்கில ஒரு படம் போட்டவள். டினுஷா சிரிக்கிறாள், சுத்திவரப் பூ, ரெண்டு மெழுகுதிரி, நடுவில பெரிசா 31. மற்ற எழுத்தெல்லாம் தமிழ். அதைப் பாத்திட்டு ஒருத்தன் அவள்ட வட்ஸ்அப்புக்கு ஸ்பானிஷில எழுதியிருக்கான். கேக் படம் வேற. டிரான்ஸ்லேட்டர்ல போட்டுப் பாத்தன்.

"டினு, முப்பத்தொரு வயசுக்கு வாழ்த்து! ஒரு மாசமாக் காணல்ல. கோபமா?"

அவளுக்கு இருபத்தெட்டு. இனி எப்பவும் இருபத்தெட்டுத்தான்.

எஃப்ராயின். எக்குவடோர்காரன். அவள் சொன்னது ஞாபகம் இருக்கு. பாசிக்குடா ஹோட்டல்ல ரிசெப்சன் வேலை, ஸ்பெயின் சனம் கனக்க வருது எண்டு தானாப் படிக்கத் தொடங்கினவள். கதைச்சுப் பழக ஒரு ஆள் பிடிச்சிருக்கன், எனக்கு ஸ்பானிஷ், அவனுக்கு இங்கிலீஷ் எண்டு சொன்னவள். நான் ஓம் ஓம் எண்டன். கேட்டனா?

டினு எண்டு கூப்பிடுறது நான் மட்டும் எண்டுதான் நினைச்சிருந்தன்.

ஜூன் 15

பதில் போடல்ல.

எல்லாரும் என்னைப் பாத்து அழுறாங்க. எனக்குக் கண்ணீர் வரல்ல, எரிச்சல்தான் வருது. அதுவும் அவனில. ஏன் எண்டு இண்டைக்கு விளங்கிச்சு. அவன்ட ஊரில அவள் சாகல்ல. டெங்கு வரல்ல, ஐசியு இல்ல, ஒண்டும் நடக்கல்ல. கோபமா இருக்காள், அவ்வளவுதான். நாளைக்குக் கோபம் ஆறினாக் கதைப்பாள். இப்பிடி ஒருத்தனுக்குக் குடுத்து வச்சிருக்கு. அது நான் இல்ல.

அவனுக்குச் சொல்ல வேணும்.

சொல்ல மாட்டன்.

ஜூன் 18

அவள் அவனோட கதைச்சதை மேல தள்ளித் தள்ளிப் பாத்தன். ஒண்டரை வருசம். எழுத்துக் குறைவு, எல்லாம் குரல். அவள் கதைக்கிறாள், சிரிக்கிறாள். கல்லடியில இருந்து பஸ்ஸில போகக்குள்ள பதிஞ்சது, ஹோர்ன் சத்தம் கேக்குது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கல்ல. டிரான்ஸ்லேட்டருக்குக் குடுத்தன், அதுக்கும் விளங்கல்ல. அவள்ட ஸ்பானிஷ் மட்டக்களப்பு ஸ்பானிஷ்.

அப்ப நான்தான் படிக்க வேணும்.

ஜூன் 29

ஆயிரம் சொல் இருக்கிற ஒரு பட்டியல் இறக்கினன். பாடமாக்கிறன். விடிஞ்சா ஒண்டும் இல்ல. ஏசியில கேஸ் லீக் மாதிரி, எங்கால போகுது எண்டே தெரியல்ல.

ஜூலை 2

வேனில போகக்குள்ள முணுமுணுத்தன் போல. நிஸ்தார் பிடிச்சிட்டான். எங்கட கொம்பனியில என்னோட ஏசி பூட்டுறவன், காத்தான்குடி. கத்தாரில ஆறு வருசம் நிண்டவன்.

"என்னடா மச்சான், மந்திரம் ஓதுறியா?"

"ஸ்பானிஷ்."

"பட்டியல் பாத்தா? உருப்பட மாட்டாய். நான் அரபு படிச்சது ஏச்சு வாங்கித்தான். ஆராவது கதைக்கிறதைக் கேளு, அப்பிடியே திருப்பிச் சொல்லு, பிழையாக் கதை, சிரிக்கிறவன் சிரிக்கட்டும். வாயை மூடிக்கொண்டு பாசை படிக்கிற ஒரே ஆள் நீதான்டா."

ஜூலை 5

நான் கேட்டுத் திருப்பிச் சொல்ல ஒரு குரல்தானே இருக்கு.

அவள் முதன்முதலா அனுப்பினதில இருந்து தொடங்கினன். ஒரு துண்டு கேக்கிறது, நிப்பாட்டுறது, அவளைப் போலயே சொல்றது. அவள் எங்கட வீட்டைச் சுத்திக் காட்டுறாள். மேசைக்கு மேசா. அலுமாரிக்கு அர்மாரியோ. சப்பாத்துக்கு சப்பாத்தோ. போத்துக்கேயன் எங்கட தமிழில விட்டிட்டுப் போன சொல் எல்லாம் அவளுக்கு உதவியிருக்கு. கதிரைக்கு மட்டும் பிழைச்சிட்டு. கதேரா எண்டிட்டாள், அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். தேடிப் பாத்தன், இடுப்பாம்.

என்ட வீட்டில, என்ட கதிரையைக் காட்டி, அவனைச் சிரிக்க வச்சிருக்காள்.

ஜூலை 20

பதில் போட்டன். "எஸ்தோய் பியன்." நல்லா இருக்கன்.

அவள்ட பேரிலதான் போச்சு.

ஜூலை 21

அவனுக்கு என்ன சந்தோசம்! பாக்கவே வயிறு எரியுது.

ஆகஸ்ட் 10

ஒவ்வொரு நாளும் அஞ்சு வசனம் எழுதுறன். அவள் குரலில அப்பிடித்தான் சொன்னவள், அண்டண்டைக்கு நடந்ததை மட்டும். நான் அவளுக்கு நடந்திருக்கக் கூடியதை எழுதுறன். பஸ் பிந்தி வந்தது. ஹோட்டல் நிரம்பிட்டு. மழை. அவன் திருத்தி அனுப்புறான், நான் திருத்தினதைச் சத்தமாச் சொல்றன். இப்ப பாதிக்கு மேல விளங்குது.

இது சரியா? சரியில்ல. தெரியும். ஆனா அந்த அஞ்சு வசனத்துக்குள்ள அவளுக்கு ஒரு நாள் கிடைக்குது.

இண்டைக்குக் குசினியில அடுப்புக்கிட்ட சொல்லிக்கொண்டு நிக்க ஜெனிற்றா வந்திட்டாள், அவள்ட அம்மா றீற்றா மாமியும் பின்னால.

"அத்தான், ஆரோட கதைக்கிறீங்க?"

"படிக்கிறன்."

"அக்கா உங்களை, 'வாங்க, சேந்து படிப்பம்' எண்டு கெஞ்சக்குள்ள படிக்கல்ல. இப்ப ஆருக்குப் படிக்கிறீங்க?"

மாமிதான், "விடுகா. வாயைத் துறந்து ஏதோ ஒரு பாசை கதைக்கிறாரே, அது போதும்" எண்டா.

செப்டம்பர் 7

என்னைப் பத்திச் சொல்லியிருக்காள். மாசி மாசத்துக் குரல். நாலு தரம் கேட்டுத்தான் முழுக்க விளங்கிச்சு.

"என்ட மனுசன் வேலையில கெட்டிக்காரன். ஏசிட வெளிப்பெட்டியில காதை வச்சு, கண்ணை மூடிக்கொண்டு கேப்பார். கேட்டே என்ன பிழை எண்டு சொல்லுவார். நான் கதைக்கிறதை ஒரு நாளைக்கு அப்பிடிக் கேட்டா எவ்வளவு நல்லம்."

சிரிச்சிட்டுத்தான் சொல்றாள். கோபம் இல்ல. கோபமாச் சொல்லியிருக்கலாம் நீ.

ஏன்டி இதை அவனுக்குச் சொன்ன? தமிழில எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே. சொன்னியா? நான்தான் ஓம் ஓம் எண்டனா?

வேலைக்குப் போனா அந்தப் பெட்டிகளைப் பாக்கவும் எரிச்சலா இருக்கு.

செப்டம்பர் 28

எஃப்ராயின் எழுதியிருக்கான். இந்த முறை டினு எண்டு தொடங்கல்ல.

"டினு எண்டா முதல் கேக்கிறது என்ட மகள் லூசியா எப்பிடி எண்டு. இந்த ரெண்டு மாசமா ஒரு தரம் கூடக் கேக்கல்ல. குரலும் இல்ல. நீ ஆர்?"

லூசியா. எல்லாக் குரலிலயும் அந்தப் பேர் வரும். நான்தான் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டுப் போனது. அவள் என்னைப் பத்தி என்ன சொல்றாள் எண்டு மட்டும்தானே தேடினன்.

செப்டம்பர் 29

சொன்னா அவனுக்கும் செத்திருவாள்.

அக்டோபர் 5 – ஞாயிறு

பூசைக்குப் போகல்ல. குசினிக் கதவைச் சாத்திட்டு அவள்ட போனை எடுத்தன். எழுதல்ல, டிரான்ஸ்லேட்டரும் இல்ல. குரல்.

முதல் லூசியா எப்பிடி எண்டு கேட்டன். மறுகா சொன்னன். "சோய் சு மரிதோ. டினுஷா ஆ முஎர்தோ." நான் அவள்ட புருசன். டினுஷா செத்திட்டாள். மே மாசம், டெங்கு. இவ்வளவு நாளும் எழுதினது நான். மன்னிச்சுக்கொள்ளு.

அனுப்பினாப் பிறகுதான் தெரிஞ்சது, இதை நான் இதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லல்ல. ஆஸ்பத்திரியில மாமிக்கு டொக்டர் சொன்னார். ஊருக்கு ஸ்பீக்கர் சொன்னது. கொம்பனிக்கு நிஸ்தார் சொன்னான். நான் தலையை ஆட்டினது மட்டும். தமிழில இன்னும் சொல்லல்ல.

அனுப்பின குரலுக்குக் கீழ ரெண்டு சரிக் கோடும் நீலமாச்சு. கேட்டிட்டான்.

உலகத்தில ஒரு இடத்தில உயிரோட இருந்தவள், அங்கயும் இல்ல இப்ப. பொறாமைப்பட இனி எனக்கு ஒருத்தனும் இல்ல. நல்லா அழுதன்.

மறுகா அவன்ட குரல் வந்தது. பதினொரு நிமிசம். தொடக்கம் மட்டும் கேட்டன். அவனும் அழுறான். நீ அவள்ட புருசன் எண்டா, அவளைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது எல்லாம் உனக்குச் சொல்லட்டா எண்டு கேக்கிறான். மெல்லமாக் கதைக்கிறான், எனக்கு விளங்க வேணும் எண்டு.

அதுக்குள்ள என்ட போன் அடிச்சிட்டு. களுவாஞ்சிக்குடியில ஒரு கடையில கூல் ரூம் நிண்டு போச்சாம், உடன வரட்டாம். இண்டைக்கு ஏலாது, நிஸ்தாருக்கு எடுங்க எண்டன். திரும்பியும் அடிச்சாங்க.

என்ட போனை ஓஃப் பண்ணிட்டு, அவள்ட போனைக் காதோட வச்சன்.